பந்தாட்டக் களத்தில் ஓர் ஆசிரியை

ஆசிரியர் என்றவுடன் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் புத்தகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பவரை நாம் அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. 'டிரில் மாஸ்டர்' என்று பெயரிட்டு ஒரு படி கீழேயே நிறுத்திவிடுகிறோம். அவர் பெண்ணாகவும் இருந்து, பெண்களுக்கே விளையாட்டுப் பயிற்றுபவராகவும் இருந்துவிட்டால், அப்பணியை ஒரு பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். இக்கருத்து எத்துணைக் குறையுடையது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்னசிப் பல்கலைக் கழகத்தில் 38 ஆண்டுகள் மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளராக விளங்கிய பாட் சம்மிட் அம்மையாரின் வரலாற்றை ஒரு முறை படித்தல் வேண்டும். பெண்மக்களைப் பெற்ற நம் சங்கத்து அன்பர்களுக்கு அவ்வரலாற்றில் எண்ணிப் பார்ப்பதற்கு உரிய செய்திகள் பல உள்ளன.

பெண்கள் ஆட்டத்தின் பழைய கதை

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடத்தக்கதோர் ஆட்டம் வேண்டுமெனக் கருதி, பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இதனைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டிலேயே, அருகிலுள்ள நார்த்தாம்டன் நகரத்து ஸ்மித் மகளிர் கல்லூரியில், செண்டா பெரென்சன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியை இவ்வாட்டத்தைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். ஆகவே பெண்கள் இவ்வாட்டத்திற்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். ஏறக்குறைய ஆண்களோடு ஒருங்கே தொடங்கியவர்கள்.

ஆயினும், பெண்ணுடல் மிகுந்த ஓட்டத்தைத் தாங்காது என்று அக்காலத்தார் நம்பினர். ஆதலின் பெரென்சன் அம்மையார் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் மற்றொரு பகுதிக்குள் நுழையலாகாது என்று விதி வகுத்தார். 1896இல் ஸ்டான்ஃபோர்டு மாணவியரும் கலிபோர்னியப் பல்கலைக் கழக மாணவியரும் முதன்முதலாக எதிர்த்து ஆடினர். ஆண்கள் அதனைக் காண அனுமதிக்கப் பெறவில்லை. ஸ்டான்ஃபோர்டு 2க்கு 1 என்ற கணக்கில் வென்றது.

காலம் செல்லச் செல்ல விதிகள் தளர்ந்தன. ஆனாலும் டென்னசி போன்ற சில மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில், பெண்கள் அணிக்கு அறுவர் என்னும் முறை 1970க்குப் பின்னரும் நீடித்தது. மூவர் களத்தின் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் இடுவர். ஏனைய மூவர் மறுபாதியில் நின்று தடுப்பர். நடுக்கோட்டை எவரும் தாண்டுதல் கூடாது. தடுப்போர் வரிசையில் நிறுத்தப்பட்ட பெண், போட்டியில் ஒரு முறையேனும் கூடையை நோக்கிப் பந்தெறியாமலே தன் பள்ளிப் பருவத்தை முடித்துவிடக் கூடும். பாட் சம்மிட் பள்ளியில் பயின்ற ஆட்டம் இவ்வகையினதே.

வைக்கோற் பரணில் கற்ற பாடம்

அவர் 1952ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெட்ரீஷியா சூ ஹெட். தந்தையார் ரிச்சர்டு ஹெட் ஓர் உழவர். பால்மாடுகளும் புகையிலைப் பயிரும் அவர்களுடைய வாழ்வுக்கு ஆதாரம். மக்கள் ஐவர். மூத்தவர் மூவரும் ஆண்கள். நான்காவது பிறந்தவர் பாட். அவருக்கு ஒரு தங்கை. தந்தையார் சொற்சுருக்கமும் கண்டிப்பும் உடையவர். பெண் என்பதற்காக வேலையில் எச்சலுகையும் அவர் காட்டியதில்லை. விடியுமுன் எழுந்து மாட்டுக் கொட்டிலுக்குச் செல்வதும், வைக்கோற் கட்டுகளைச் சுமப்பதும், புகையிலை அறுப்பதும் அண்ணன்மார்க்கும் தங்கையர்க்கும் பொதுவாகவே இருந்தன.

மாலையில் வேலை ஓய்ந்தபின் தொழுவத்தின் மேற்பரணே அவர்களுக்கு விளையாட்டுக் களம். அங்கே விளக்குகளைக் கட்டி, கூடை வளையங்களை மாட்டி, பக்கத்திற்கு இருவராகப் பிரிந்து ஆடினர். தம்மிலும் மூத்த, தம்மிலும் வலிய மூன்று அண்ணன்மாரோடு முட்டி மோதி ஆடிய அச்சிறுமிக்கு, பெண்ணுடல் ஓட்டத்தைத் தாங்காது என்னும் வாதம் பின்னாளில் நகைப்பையே விளைவித்திருக்கும்.

இனி வருவது, வேற்றூரில் குடியேறி வாழும் நம்போன்றோர் ஊன்றிப் படிக்கத்தக்கது. பாட் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பருவம் வந்தபோது, அவர் சேரவேண்டிய பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை. பக்கத்துச் சீட்டம் வட்டாரத்துப் பள்ளியில் இருந்தது. அதிகம் பேசாத அத்தந்தை, தம் குடும்பத்தை அந்த எல்லைக்குட்பட்ட ஹென்றியெட்டா என்னும் சிற்றூருக்கு மாற்றிக்கொண்டார். பிழைப்பைத் தேடி ஊர் மாறினோர் நம்முள் பலர். மகன் பொறியியல் படிக்கவேண்டும் என்பதற்காக மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதினோரும் உண்டு. மகள் பந்தாட வேண்டும் என்பதற்காக வீடு மாற்றிய தந்தையை நம்மிடையே காண்டல் அரிது. வாயால் அன்பு பேசாதவர் செயலால் எவ்வளவு பேசிவிட்டார் என்பதை நோக்குங்கள்.

1970இல் பாட், மார்ட்டின் நகரிலிருந்த டென்னசிப் பல்கலைக் கழகக் கிளையில் சேர்ந்தார். அண்ணன்மார் விளையாட்டுத் திறத்தால் உதவித்தொகை பெற்றுப் படித்தனர். அவர்களுக்குத் திறத்தில் சற்றும் குறையாத தங்கைக்குப் பெற்றோரே கல்லூரிச் செலவை ஏற்கவேண்டியிருந்தது. பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை என்பதே அங்கு அப்போது இல்லை.

ஒரு சட்டமும் அதன் பயனும்

இந்நிலையை மாற்றியது 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்ட கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. மத்திய அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் பால் வேற்றுமை காரணமாக எவரையும் விலக்குதல் கூடாது என்பதே அதன் சாரம். அதனைக் கொண்டுவர உழைத்தோருள் ஹவாய்த் தீவைச் சேர்ந்த பாட்சி மிங்க் அம்மையாரும் ஆரிகன் மாநிலத்து ஈடித் கிரீன் அம்மையாரும் முக்கியமானவர்கள். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்னும் சொல்லே இல்லை. ஆனால் கல்லூரி ஆடுகளமும் கல்வி நிலையத்தின் ஒரு பகுதி என்பதால், பெண்களுக்கும் களம், கருவி, பயிற்சியாளர், உதவித்தொகை ஆகியவற்றை நியாயமாக வழங்கவேண்டிய கடமை கல்லூரிகளுக்கு ஏற்பட்டது.

அச்சட்டம் வந்தபோது அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்ட பெண்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர். இன்று அத்தொகை 30 இலட்சத்திற்கு மேற்பட்டது. எனினும், சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நின்று வரவேற்று வழிநடத்த ஆள் வேண்டுமன்றோ? அவ்வாறு முன்வந்தோருள் ஒருவரே நம் கட்டுரைத் தலைவியார்.

இருபத்திரண்டு வயதுப் பயிற்சியாளர்

1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கல்லூரியின் இறுதி வகுப்பில் இருக்கும்போது, அவருடைய முழங்காலில் பெருங்காயம் ஏற்பட்டது. இனி ஆட இயலாது என்றே பலரும் எண்ணினர். தந்தையாரோ, இவள் ஒலிம்பிக்கில் ஆடவேண்டியவள், காலைச் சரிசெய்து தாருங்கள் என்று மருத்துவரிடம் கூறிவிட்டார்.

அவ்வாண்டே நாக்ஸ்வில் நகரிலிருந்த டென்னசிப் பல்கலைக் கழகத் தலைமையிடத்தில், மேற்படிப்புப் படித்துக்கொண்டே துணைப் பயிற்சியாளராக இருக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அவர் சென்று சேர்வதற்குள், அங்கிருந்த தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் சென்றுவிட்டார். ஒரு போட்டிக்கேனும் பயிற்சியாளராக இருந்தறியாத 22 வயதுப் பெண் தலைமைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். அணியின் சீருடைகள், இனிப்புப் பண்டம் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. அவற்றைத் துவைத்துத் தருபவரும் அவரே. வெளியூர்ப் போட்டிகளுக்கு வண்டி ஓட்டிச் செல்பவரும் அவரே. இவற்றிடையே உடற்பயிற்சி வகுப்புகளுக்குப் பாடம் நடத்தினார். தம் மேற்பட்டத்திற்குப் படித்தார். காயமுற்ற காலைப் பழக்கித் தாமும் ஒலிம்பிக்கிற்கு ஆயத்தமானார்.

முதற்பயிற்சி நாளன்று மாணவியரைக் களத்தின் இருமுனைக்கும் ஓயாது ஓடவைத்தாராம். நால்வர் ஓடிய ஓட்டத்திலேயே வாயிலைக் கடந்து வெளியேறியவர்கள் திரும்பி வரவேயில்லை. 1974 டிசம்பரில் நடைபெற்ற முதற்போட்டியில் மெர்சர் கல்லூரியிடம் ஒரே புள்ளியில் தோல்வி. அடுத்த மாதம் மிடில் டென்னசி அணியை வென்றதே அவர் கணக்கில் முதல் வெற்றி. அவ்வாண்டு 16 வெற்றி, 8 தோல்வி என முடிந்தது.

இரண்டு ஆண்டுகளில் தந்தையின் சொல் பலித்தது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக மகளிர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அமெரிக்க அணியின் இணைத் தலைவியருள் ஒருவராக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். எட்டாண்டுகள் கழித்து 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவரே அமெரிக்க மகளிர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார்.

பள்ளிகளில் நிலவிய அறுவர் முறையையும் அவர் வாளாவிட்டுவைக்கவில்லை. அரைக்களத்தில் மட்டும் ஆடிப் பழகிய பெண்கள் கல்லூரிக்கு வந்தபின் முழுக்களத்தில் திணறுவதையும், அதனால் உதவித்தொகை வாய்ப்பை இழப்பதையும் எடுத்துக்காட்டி வெளிப்படையாக எதிர்த்தார். 1970களின் இறுதியில் டென்னசிப் பள்ளிகளும் ஐவர் முறைக்கு மாறின.

வெற்றிக்குக் காத்திருந்த காலம்

பெரும் புகழ் பெற்றோர் வரலாற்றைப் படிக்கும்போது, தொடக்கமுதல் வெற்றிமேல் வெற்றி பெற்றதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அவ்வாறு இருப்பதில்லை. தேசியக் கல்லூரி வாகைப் போட்டியில் பாட் சம்மிட்டின் அணி இறுதிக்கட்டம்வரை பலமுறை சென்று வெறுங்கையோடு திரும்பியது. 1980, 1981, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்திலேயே தோல்வி. நன்றாகப் பயிற்றுகிறார், ஆனால் வாகை சூடும் யோகம் இல்லை என்று பேசுவோர் பேசினர்.

பதின்மூன்றாம் ஆண்டில், 1987இல், லூசியானா டெக் அணியை 67க்கு 44 என்று வென்று முதல் வாகையைப் பெற்றார். பின்னர் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 என மேலும் ஏழு வாகைகள். இவற்றுள் 1997ஆம் 1998ஆம் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 1996-97 பருவத்தில் அவ்வணி 10 முறை தோற்றது. அத்துணைத் தோல்வி அவர்களுக்கு வழக்கமே அன்று. எனினும் மனந்தளராது ஆடி இறுதியில் வாகை சூடியது. மறுபருவத்தில் 39 ஆட்டங்கள் ஆடி, ஒன்றிலும் தோலாமல் மீண்டும் வென்றது. பத்துத் தோல்விகளில் கற்ற பாடமே முப்பத்தொன்பது வெற்றிகளுக்கு வித்தாயிற்று என்று கருதுவது மிகையாகாது.

தொழிலையும் இல்லறத்தையும் ஒருங்கே நடத்திய பாங்கிற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1990 செப்டம்பரில், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த அவர், பென்சில்வேனியா மாநிலத்தில் மிஷெல் மார்சினியாக் என்னும் ஆட்டக்காரியை அணியில் சேருமாறு அழைக்க அவர் இல்லத்திற்கே சென்றிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேற்றுவலி தொடங்கிவிட்டது. உடனே விமானமேறினார். வழியில் வர்ஜீனியாவில் இறங்கலாமா என்று விமானிகள் வினவியபோது மறுத்துவிட்டார். தம் குழந்தை டென்னசி மண்ணில்தான் பிறக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அவ்வாறே நாக்ஸ்வில் சேர்ந்து ஆண்மகவை ஈன்றார். மிஷெல் முதலில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாலும் பின்னர் டென்னசிக்கே மாறிவந்தார். 1996ஆம் ஆண்டு வாகைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரியாகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

வகுப்பறையின் முதல் மூன்று வரிசைகள்

அவருடைய பயிற்சி கடுமையானது. களத்தோரத்தில் நின்று அவர் நோக்கும் நோக்கு ஒன்றே போதும், தவறிழைத்தவர் தலைகுனிவர் என்று அவர் மாணவியர் கூறுவர். ஆயினும் அம்மாணவியர் அவரைப் 'பாட்' என்று பெயர் சொல்லியே அழைத்தனர். அவ்வாறு அழைக்குமாறு சொன்னவரும் அவரே. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தல் நம் மரபுக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். பெயரில் வைக்காத மரியாதையை அவர்கள் ஒழுக்கத்தில் வைத்தனர் என்பதே அங்கே நாம் காண்பது.

அவர் வகுத்த விதிகளுள் தலையாயது களத்தைப் பற்றியதன்று, வகுப்பறையைப் பற்றியது. அணியிலுள்ள மாணவி ஒரு வகுப்பையும் தவறவிடுதல் கூடாது. வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள்ளேயே அமர்தல் வேண்டும். வகுப்பைத் தவறவிட்டவள் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரியாயினும் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. இதன் பயன் யாது? அவரிடம் ஆடுவதற்குரிய ஆண்டுகள் முழுவதையும் நிறைவுசெய்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றனர். விளையாட்டில் புகுந்தால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேறில்லை.

மாணவியர் ஒவ்வொருவரின் இயல்பையும் அறிந்து நடத்தினார் என்பதற்கு டமிகா கேட்சிங்ஸ் என்பவர் வரலாறு சான்று. இவர் பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தவர். சிறுவயதில் பிறர் ஏளனம் செய்தமையால், செவிக்கருவியை எறிந்துவிட்டு, உதட்டசைவைப் பார்த்தே காலம் கழித்துவந்தார். டென்னசிக்கு வந்தபின், குறையை மறைப்பதில் பெருமை ஏதுமில்லை என்று பாட் சம்மிட் எடுத்துக்கூறி, மீண்டும் செவிக்கருவி அணியவும் பேச்சுப் பயிற்சி பெறவும் ஊக்கினார். அப்பெண் பின்னர் 2004 முதல் 2016 முடிய நான்கு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அமெரிக்க அணிகளில் ஆடினார். ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, கேண்டஸ் பார்க்கர் முதலிய புகழ்வாய்ந்த வீராங்கனைகளும் அவரிடம் பயின்றவர்களே.

கணக்கேடு

இரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்கு எண்களின்மீது ஒரு பற்று உண்டு. 38 ஆண்டுக் கணக்கின் கூட்டுத்தொகையை இங்கே தருகிறேன். வெற்றி 1,098, தோல்வி 208. தேசிய வாகை 8. வெற்றியினும் தோல்வி மிகுந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆயிரமாவது வெற்றியை எட்டியபோது, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதற்பிரிவில் ஆண்கள் அணியிலோ பெண்கள் அணியிலோ அதற்குமுன் எவரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை. அவ்வரிய எண்ணிக்கையையும் பிற்காலத்தார் கடந்துவிட்டனர். 2020இல் ஸ்டான்ஃபோர்டின் டாரா வேண்டர்வீர் அம்மையாரும், அவருக்குப்பின் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மாவும் அவரினும் மிகுந்த வெற்றிகளைப் பெற்றனர். வழி வகுத்தவரைப் பின்வந்தோர் முந்துவது அவ்வழி நல்வழி என்பதற்கே சான்றாகும்.

மாதம் 250 டாலரில் தொடங்கியவர், 2006இல் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்றார். மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளருள் அவ்வளவு பெற்றவர் அவரே முதல்வர். தொடக்க நாட்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே காணவந்த ஆட்டத்திற்கு, 2006இல் ஒரே நாளில் 24,000க்கு மேற்பட்டோர் நாக்ஸ்வில் அரங்கில் கூடினர். அதே பல்கலைக் கழகம் தன் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வருமாறு அவரை அணுகியதும் உண்டு. அவர் உடன்படவில்லை. பெண்கள் அணியினின்று ஆண்கள் அணிக்குச் செல்வதை ஏன் உயர்வு என்று சொல்லவேண்டும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

இக்கணக்கேட்டில் செலவுப் பக்கமும் ஒன்று உண்டு. 1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றிற்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சீருடை துவைக்கவும் வண்டி ஓட்டவும் அன்று ஆடவர் எவரும் போட்டியிடவில்லை. ஊதியமும் புகழும் பெருகியபின் ஆடவர் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். இன்று அவ்வணிகளுள் பாதிக்கும் குறைந்தவற்றிற்கே பெண்கள் தலைமை தாங்குகின்றனர். ஆடும் பெண்கள் பெருகினர். ஆட்டுவிக்கும் பெண்கள் விகிதத்தில் குறைந்தனர். அதனாலன்றோ, தம் மாணவியரையே பயிற்சியாளராக்குவதில் அவர் பெரிதும் கருத்துச் செலுத்தினார்!

நினைவு மங்கிய நாட்கள்

2010-11 பருவத்தில் அவருக்குச் சிற்சில மறதிகள் தோன்றலாயின. பல்லாண்டுகளாக நாவில் நின்ற ஆட்ட முறைகளின் பெயர்கள் களத்தோரத்தில் வாராமல் நின்றன. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் மேயோ மருத்துவமனையில் சோதித்தபோது, அல்சைமர் என்னும் மறதிநோய் இளமையிலேயே பற்றியிருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பதுகூட நிறையவில்லை.

ஆயிரம் ஆட்டங்களின் நுணுக்கங்களையும், ஒவ்வொரு மாணவியின் பலத்தையும் பலவீனத்தையும் உள்ளத்தில் வைத்தே தொழில் நடத்தியவர் அவர். நினைவே அவருடைய கருவி. அக்கருவி பழுதாகிவிட்டது. இத்தகைய நோயை நம் குடும்பங்களில் மூடிமறைப்பதே வழக்கம். பெரியவர்க்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அறைக்குள் இருத்திவிடுவதும் உண்டு. அவர் அவ்வாறு செய்யவில்லை. 2011 ஆகஸ்டில் தம் நோயைத் தாமே உலகறிய அறிவித்தார். துணைப் பயிற்சியாளர்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள, மேலும் ஒரு பருவம் அணியை விட்டு நீங்காதிருந்தார். அந்நோயை எதிர்க்கும் ஆராய்ச்சிக்கும், நோயுற்றோர் குடும்பங்களுக்கு உதவிக்குமாகத் தம் பெயரால் ஓர் அறநிதியத்தையும் நிறுவினார்.

அவ்விறுதிப் பருவத்தில் 27 வெற்றிகள் கிடைத்தன. 2012 ஏப்ரல் 18ஆம் நாள் பதவியினின்று விலகினார். அவரிடத்தை ஏற்றவர் ஹாலி வார்லிக். முன்பு அவருடைய மாணவி, பின்னர்ப் பல்லாண்டுகள் அவருடைய துணைப் பயிற்சியாளர். 2019இல் வார்லிக்கிற்குப் பின் அப்பதவிக்கு வந்த கெல்லி ஹார்ப்பரும், 1996 முதல் 1998 முடிய மூன்று வாகைகளில் பங்குபெற்ற அவர் மாணவியே. 2012இல் குடியரசுத் தலைவர் ஒபாமா, அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிகவுயர்ந்த விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு அளித்துப் பெருமைப்படுத்தினார்.

2016ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தம் 64ஆம் வயதில், நாக்ஸ்வில்லில் காலமானார். தாம் வென்ற ஆட்டங்களின் நினைவு அவரிடமிருந்து முன்னரே விடைபெற்றுச் சென்றிருந்தது. அவரிடம் பயின்றவர்களோ ஒன்றையும் மறந்தாரில்லை. அடுத்த மாதம் அதே ஆட்டரங்கில் கூடிய நினைவுக் கூட்டத்திற்கு நாட்டின் பல மூலைகளினின்றும் அவர்கள் வந்தனர்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றைப் படித்து வியந்துவிட்டு இதழை மூடிவைத்தல் போதாது. நம் குடியிருப்புகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்து வயதுவரை ஆணும் பெண்ணும் கூடி ஓடுகின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று ஆனதும் மகனுக்கு மட்டையும் பந்தும் வாங்கித் தருகிறோம்; மகளை விளக்கு வைக்குமுன் வீடு திரும்பு என்கிறோம். வேற்றூர், அறியாத மக்கள் என்னும் அச்சம் நமக்கு இயல்பே. அவ்வச்சத்திற்கு மருந்து, மகளை வீட்டில் இருத்துவதன்று. பெரியவர் மேற்பார்வையில் பாதுகாப்பான களத்தை ஏற்படுத்தித் தருவது.

விளையாட்டு பிழைப்புக்கு உதவுமோ என்று வினவுவோர்க்கு, எங்கள் இரயில்வேயையே எடுத்துக்காட்டுவேன். இந்திய இரயில்வே மகளிர் கூடைப்பந்து அணி தேசியப் போட்டிகளில் பலமுறை வாகை சூடியது. விளையாட்டுத் திறத்தாலேயே பணிபெற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இரயில்வேயில் உண்டு. சென்னையைச் சேர்ந்தவரும், தென்னக இரயில்வேயில் பணிபெற்றவரும், இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவருமான அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றது தமிழர் அனைவர்க்கும் பெருமையன்றோ?

எல்லாப் பெண்களும் பதக்கம் பெறப்போவதில்லை. எல்லார்க்கும் விளையாட்டால் வேலை கிடைக்கப்போவதும் இல்லை. பாட் சம்மிட்டிடம் பயின்றவருள்ளும் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டு வேறு தொழில்களுக்கே சென்றனர். ஆனால் முதல் மூன்று வரிசைகளில் அமர்ந்து பாடம் கேட்கும் பழக்கமும், பத்து முறை தோற்றபின்னும் பதினோராம் முறை களமிறங்கும் துணிவும் அவர்களுடன் சென்றன. இவை எத்தொழிலுக்கும் வேண்டுவன.

நம் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில், நவராத்திரிக் கொலுப் போட்டி, கோலப் போட்டி ஆகியவற்றோடு, பெண் குழந்தைகளுக்கென வாரத்தில் இரண்டு மாலைகள் விளையாட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குவதைப் பற்றியும் பேசுவோமாக. ஒரு பந்து, இரண்டு வளையங்கள், பொறுமையுள்ள ஆசிரியை ஒருவர்; தொடக்கத்திற்கு இவ்வளவே போதும். கல்லூரியில் ஆடிப் பழகிய தாய்மார் நம்மிடையே இலைமறை காயாக இருக்கக்கூடும். அவர்கள் தயங்காது தம் பெயரைச் செயலாளரிடம் தெரிவிப்பார்களாக.